பைபர் படகினுள் மக்கும் மரம்

கடற்கரை ஊர்களில் வாழ்வோர்க்குப் பைபர் படகு புதியதன்று. கட்டுமரமும் பலகை வள்ளமும் நின்ற மணலில் இன்று வரிசை வரிசையாகக் கண்ணாடியிழைப் படகுகள் நிற்கின்றன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலைக்குப் பிறகு இவற்றின் எண்ணிக்கை பெருகிற்று. "பைபர் மக்காது, துருப்பிடிக்காது, புழு அரிக்காது" என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கையில் பிழையில்லை. ஆனால் பைபர் படகு முழுவதும் பைபரால் ஆனதன்று. அதன் உடலுக்குள் மரம் இருக்கிறது; அம்மரம் மக்கும். அது ஏன் மக்குகிறது, எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு செப்பனிடுவது என்பவற்றைத் தாவரவியல் வகுப்பில் கற்றதையும் எங்கள் கரையில் கண்டதையும் சேர்த்து இங்கே விளக்க முயல்கிறேன்.

மரம் எதற்கு?

கண்ணாடியிழைத் தகடு இழுவிசையைத் தாங்குவதில் வல்லது. ஆயினும் மெல்லியதாக இருந்தால் எளிதில் வளையும். ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. தடிமன் இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். முழுத் தடிமனையும் இழையாலும் ரெசினாலும் நிரப்பினால் செலவும் எடையும் ஏறிவிடும். ஆகவே இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகையை வைத்து மூடுகிறார்கள்.

எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, உள்ளே எஞ்சின் வைக்கும் மேடை, அடித்தளத்தில் நீளவாக்கில் ஓடும் விட்டங்கள் ஆகியவற்றில் மரம் இருப்பது வழக்கம். விட்டங்களில் மேலே போர்த்திய பைபர் போதிய தடிமனாக இருந்தால் சுமையின் பெரும்பகுதியை அதுவே ஏற்கும். உள்ளிருக்கும் மரம் பெரும்பாலும் அச்சுப்போல நிற்கும். பின்பலகையின் நிலை வேறு. சுமார் 40 கிலோ எடையுள்ள வெளிப்புற எஞ்சின் அதில்தான் தொங்குகிறது. எஞ்சின் தள்ளும் விசையும் அலையில் படகு குதிக்கும் அதிர்ச்சியும் அங்கேதான் விழுகின்றன. போல்ட்டின் இறுக்கத்தில் நசுங்காமலும், இரண்டு தோல்களையும் பிரியவிடாமலும் நிற்க வேண்டியது நடுவிலுள்ள மரமே.

பூஞ்சையின் வேலை

மரத்தை மக்கச் செய்வது வெறும் நீரன்று; பூஞ்சை. அது வளர உணவு, காற்று, மிதமான வெப்பம், ஈரம் ஆகிய நான்கும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டிற்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளர்வதில்லை. செல் சுவர்கள் நீரால் நிறைவுறும் நிலை ஏறத்தாழ 30 விழுக்காடு. அதை எட்டிய மரம் பூஞ்சைக்கு நல்ல விளைநிலம். பழுப்பு மக்கலை உண்டாக்கும் பூஞ்சைகள் செல்லுலோசைத் தின்றுவிட்டு லிக்னினை விட்டுவைக்கின்றன. எனவே மரம் பழுப்பாகி, கட்டம் கட்டமாக வெடித்து, கைப்பட்டால் உதிர்கிறது.

இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. படகின் மரத்தை மக்கச் செய்வதில் கடல்நீரைவிட மழைநீரே கொடியது. உப்பு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நன்னீர் அதற்கு வாழ்வளிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மூடாமல் கரையேற்றி வைத்த படகே பெரிதும் கெடுகிறது.

நீர் நுழையும் வாயில்கள் சிறியவை: எஞ்சின் போல்ட் துளை, நீர் வடியும் துளை, கொக்கி மாட்ட அடித்த திருகாணி, மெருகேறாத மேல் விளிம்பு. உள்ளே போன நீர் எளிதில் வெளியே வருவதில்லை. மரத்தைக் காக்கப் போர்த்திய அதே பைபர் தோல், ஈரத்தையும் அடைகாக்கிறது.

கண்டறியும் வழிகள்

முதலாவது, ஓசை. சிறு சுத்தியலின் கைப்பிடியால் பின்பலகை முழுவதும் தட்டிக்கொண்டே வரவேண்டும். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாக ஒலிக்கும். மக்கிய இடம் 'தொப்' என்று அமுங்கி ஒலிக்கும். இரண்டாவது, அசைவு. எஞ்சினின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பின்பலகை உடன் வளைந்தாலோ, மூலைகளில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ ஐயப்படலாம். போல்ட்டின் வாஷர் பலகைக்குள் குழித்திருப்பதும் ஓர் அடையாளம். மூன்றாவது, துளை. உட்புறத்திலிருந்து மட்டும், வெளித்தோலைத் தொடாமல், 5 மி.மீ. துளைகள் சில இட்டுப் பார்க்கவேண்டும். வரும் மரத்தூள் வெளுத்து உலர்ந்திருந்தால் நன்று. கறுத்து ஈரமாகப் புளித்த மணத்துடன் வந்தால் மரம் போயிற்று என்று பொருள். சோதித்த துளைகளை ரெசினால் உடனே அடைத்துவிட வேண்டும்.

இரும்புத் தகடு தீர்வாகுமா?

பின்பலகை ஆடத் தொடங்கியதும் வெளியே ஓர் இரும்புத் தகட்டை வைத்துப் போல்ட்டை முறுக்கிவிடுவது பலர் செய்யும் குறுக்குவழி. என் சித்தப்பாவின் படகிலும் அப்படித்தான் ஒரு தகடு இருந்தது. 2022ஆம் ஆண்டு தட்டிப் பார்த்தபோது தகட்டைச் சுற்றி எங்கும் அமுங்கிய ஓசையே வந்தது. செப்பனிடப் பத்து நாளாகும் என்றார் மேஸ்திரி. மீன் கிடைக்கும் பருவம் அது; எஞ்சினுக்கு வாங்கிய கடனும் வியாபாரியிடம் நின்றது. "பத்து நாள் கரையில இருந்தா அடுப்பு எரிய வேண்டாமாப்பா?" என்று சித்தப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. "எஞ்சினோட பின்பலகையும் போயிட்டா கடன் மட்டுந்தான் மிஞ்சும், அண்ணாச்சி" என்றார் மேஸ்திரி.

தகட்டைக் கழற்றி உட்தோலை அறுத்தபோது மரம் புட்டுப்போல உதிர்ந்தது. கைநிறைய அள்ளிப் பிழிந்தால் நீர் வடிந்தது. விளிம்புகளில் ரெசின் பூசிய அடையாளமே இல்லை. நான்கு பேர் ஏறிப் போன படகில் எஞ்சினைத் தாங்கி நின்றது ஏறத்தாழ 5 மி.மீ. வெளித்தோல் மட்டுமே. தகடு பலவீனத்தை மறைத்ததேயன்றி மாற்றவில்லை. மக்கிய மரத்தில் ரெசினைச் செலுத்திக் கெட்டியாக்கலாம் என்பதும் வீண். ஈரம் நிறைந்த மரத்தில் ரெசின் ஊறுவதில்லை, சரியாக இறுகுவதுமில்லை.

செப்பனிடும் முறை

படகை மட்டமாக நிறுத்திப் பல இடங்களில் முட்டுக்கொடுக்க வேண்டும். விட்டங்களையும் மாற்றுவதாயின் ஒரே வேளையில் எல்லாவற்றையும் பெயர்க்கலாகாது. ஒன்றை முடித்த பிறகே அடுத்தது. இல்லையேல் படகின் வடிவம் கோணும்.

உட்தோலைச் சுற்றிலும் 5 செ.மீ. விளிம்பு விட்டு அறுத்தெடுத்து, மரத்தை உளியால் முழுவதும் நீக்கவேண்டும். வெளித்தோல் பழுதுபடக் கூடாது. புதிய பலகைக்கு அதுவே அச்சு. பின்பு நன்னீரால் உப்பைக் கழுவி, நன்கு உலரவிட்டு, பழைய பைபரைக் கரடான தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைக்கவேண்டும். அட்டையில் அளவெடுத்து, ஐ.எஸ். 710 தரமுள்ள கடல்வகை ஒட்டுப்பலகையை அதே வடிவில் வெட்டிக்கொள்ளலாம். 36 மி.மீ. தடிமன் வேண்டுமாயின் 18 மி.மீ. பலகை இரண்டு. விளிம்புகளில் ரெசினை இருமுறை ஊறவிடுவது இன்றியமையாதது. மரம் நீரைக் குடிப்பது விளிம்பின் வழியேதான்.

பலகைக்கும் தோலுக்கும் இடையே காற்றுப்பை தங்காதபடி கெட்டியான ரெசின் பசையைப் பரப்பி, கிளாம்புகளால் அழுத்தி இறுகவிடவேண்டும். மூலைகளைப் பசையால் வளைவாக நிரப்பவேண்டும். கண்ணாடியிழை கூர்மூலையில் படியாது. அதன்மேல் மேட்டும் ரோவிங்கும் மாறிமாறி அடுக்கி, பக்கங்களோடும் அடித்தளத்தோடும் இணைக்கவேண்டும். பழைய தோலின் விளிம்பை அதன் தடிமனைப்போல் 12 மடங்கு நீளத்திற்குச் சரிவாகத் தேய்ப்பது விதி: 4 மி.மீ. தோலுக்கு 48 மி.மீ. சரிவு. ஒட்டும் பரப்பு அகன்றால்தான் புதியதும் பழையதும் ஒன்றாகும். இப்பணிக்கு எபாக்ஸி பாலியெஸ்டரைவிட நன்றாக ஒட்டும்; விலைதான் மிகுதி. எபாக்ஸி இறுகிய பரப்பின்மேல் பாலியெஸ்டர் சரியாக ஒட்டாது என்பதையும் நினைவிற்கொள்க.

இறுதியாகப் போல்ட் துளைகள். 10 மி.மீ. போல்ட்டுக்கு முதலில் 18 மி.மீ. துளையிட்டு, அதை ரெசின் பசையால் அடைத்து, இறுகியபின் நடுவே 10 மி.மீ. துளையிடவேண்டும். இப்போது போல்ட்டின் வழியே நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. இந்த ஒரு மணி நேர வேலை பலகையின் ஆயுளைப் பல ஆண்டு நீட்டிக்கும்.

எச்சரிக்கை

பாலியெஸ்டர் ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் போதும். அதை கோபால்ட் ஆக்சிலரேட்டருடன் நேராகக் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்கு கலந்த பிறகே மற்றதைச் சேர்க்கவேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகலாம். பட்டால் உடனே நிறைய நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்லவேண்டும். கண்ணாடி, கையுறை, மூக்குமூடி இன்றி எவரும் இவ்வேலையில் இறங்கலாகாது. நம் ஊர் வெயிலில் ரெசின் விரைந்து இறுகுமாதலால் அரைக் கிலோ அளவாகக் காலையிலோ மாலையிலோ கலப்பது நன்று.

முடிவாக

சித்தப்பாவின் படகு பதினோராம் நாள் கடலுக்குப் போயிற்று. அந்தப் பத்து நாள் இழப்பை ஈடுசெய்ய அவருக்கு இரண்டு மாதம் பிடித்தது. கடன்காரரின் பேச்சையும் கேட்கவேண்டியிருந்தது. ஆனால் கரைக்கு அப்பால் பின்பலகை பிளந்திருந்தால் ஈடுசெய்யவே இயலாத இழப்பாகியிருக்கும். கடலோர ஊர்களிலிருந்து வந்து பயிலும் நண்பர்கள் விடுமுறைக்குச் செல்லும்போது, தத்தம் வீட்டுப் படகின் பின்பலகையை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டுகிறேன். அதற்கு ஒரு சுத்தியலும் கால்மணி நேரமும் போதும்.