ஜே கே பி ஓ அரைப்புள்ளி

பரணில் கிடந்த குறுந்தகடு. மேலே மார்க்கர் பேனாவால் 'கும்பாபிஷேக மலர் 2003' என்று எழுதியிருக்கிறது. இருபது ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அதைத் தூசு தட்டி எடுக்கிறார். குறுந்தகடு போட வசதியுள்ள ஒரு பழைய கணினியையும் தேடிப் பிடித்து, கோப்பைத் திறக்கிறார். ஊர் வரலாறு இருக்க வேண்டிய பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று ஊர்ந்துகொண்டிருக்கின்றன. 'தமிழ்' என்ற சொல் வர வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. "வைரஸ் தின்னுடுச்சு" என்று தீர்ப்பு எழுதப்பட்டு, கோப்பு குப்பைத்தொட்டிக்குப் போகிறது.

போயிருக்கவே வேண்டாம். அதில் ஒரு புள்ளிகூடத் தொலையவில்லை.

தொண்ணூறுகளில் டிடிபி சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்தபோது கணினிக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் அது ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும். அதற்கு இருந்த இடங்கள் மொத்தமே 256. அதில் முதல் பாதியை ஆங்கிலம் பிடித்துக்கொண்டிருந்தது. நம்மவர்கள் கண்ட வழி எளிமையானது, கொஞ்சம் குறும்பானதும்கூட. 'ஜே' என்ற எழுத்தின் உருவத்தை அழித்துவிட்டு அங்கே 'த' என்று வரைந்தார்கள். 'கே' இருந்த இடத்தில் 'ம'. இப்படி முழுக்க மாற்றி வரைந்த எழுத்துருக்களில் இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பெரிதாகப் பரவியது பாமினி. தமிழ்நாட்டு அலுவலகங்களில் வானவில் அவ்வையார் செல்வாக்காக இருந்தது. அச்சகங்களில் ஸ்ரீலிபி போன்றவை. திரையில் பார்ப்பவருக்குத் தமிழ். கணினியைப் பொறுத்தவரை அது கடைசிவரை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளிதான். எழுத்துரு ஒரு வேஷம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் வேஷம் கலைந்துவிடுகிறது, அவ்வளவே.

ஆளுக்கொரு வேஷம் என்பதுதான் சங்கடம். பாமினியில் 'ம' இருக்கும் இடத்தில் இன்னோர் எழுத்துருவில் வேறு எழுத்து. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழார்வலர்கள் மின்னஞ்சல் வழி கூடிப் பேசி 'திஸ்கி' என்ற பொதுக் குறியாக்கத்தை உருவாக்கினார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரமாக்கியது. குழப்பம் தீர வந்தவையே மேலும் மூன்று தரங்களாக வரிசையில் நின்றன! கடைசியில் வென்றது, உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் ஒதுக்கிய யூனிகோடு. அதில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு வந்தபோதுதான் சாதாரணக் கணினிக்கு அது எட்டியது. தமிழக அரசு அதை முறைப்படி ஏற்றது 2010இல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில்.

ஆக, திரையில் தமிழ் குதறித் தெரிந்தால் முதலில் செய்ய வேண்டியது, என்ன மாதிரிக் குதறல் என்று பார்ப்பது. மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வதுபோல.

சாதாரண ஆங்கில எழுத்துகளும் நடுநடுவே ஏகப்பட்ட அரைப்புள்ளிகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் பாமினி. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். தமிழில் புள்ளிக்குப் பஞ்சமில்லை என்பதால் பக்கம் முழுக்க அது சிதறிக் கிடக்கும். மாறாக, தலையில் கோடும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நிறையத் தெரிந்து, நடுவே வரும் ஆங்கிலச் சொற்கள் மட்டும் பழுதில்லாமல் இருந்தால் அது திஸ்கியாகவோ டாப் ஆகவோ இருக்கலாம். அவை ஆங்கிலத்தின் பாதியைத் தொடாமல் மேல்பாதியில் தமிழை வைத்தவை. ஊகிக்கவும் தேவையில்லை: கோப்பை வேர்டில் திறந்து குதறிய வரியின் மேல் கர்சரை வைத்தால், மேலே உள்ள எழுத்துருப் பெட்டியில் பெயர் தெரியும். அந்த எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் கோப்பிலேயே தங்கியிருக்கும்.

பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. என்எச்எம் கன்வெர்ட்டர், அழகி, சுரதாவின் பொங்குதமிழ் என்று யூனிகோடுக்கு மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே வந்திருக்கின்றன. இவை வெறுமனே 'ஜே'யை எடுத்துவிட்டு 'த'வைப் போடுவதில்லை. பழைய எழுத்துருக்கள் தட்டச்சுப் பொறியின் வாரிசுகள். 'கெ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு 'க'. யூனிகோடில் அது தலைகீழ்: 'க' முதலில், கொம்பு பின்னால். 'கொ' என்றால் கொம்பையும் காலையும் பிரித்தெடுத்து ஒன்றாக்க வேண்டும். ஆகவே 'கண்டுபிடித்து மாற்று' வசதியை வைத்துக்கொண்டு சொந்தமாக மாற்றிவிடலாம் என்று இறங்கினால் கொம்பெல்லாம் பக்கத்து எழுத்தின் தலையில் ஏறிக்கொள்ளும்.

ஒரு கண்ணி இருக்கிறது. பாமினிக் கட்டுரைக்கு நடுவே உண்மையான ஆங்கிலச் சொல் ஏதாவது இருந்தால், மாற்றும் கருவி அதையும் தமிழ் என்று நினைத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இருந்த மருந்தின் பெயர் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லாக வெளிவரும். வேர்டில் ஒரே வடிவமைப்பில் உள்ள எழுத்தையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. பாமினியில் உள்ளது எது, ஆங்கிலத்தில் உள்ளது எது என்று அதை வைத்துப் பிரித்தறிந்துகொண்டு, தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றுவது நல்லது. மலர் பேஜ்மேக்கரில் செய்ததாக இருந்தால் வேர்டு கைவிரித்துவிடும். அந்த மென்பொருளை இன்னும் பொத்திவைத்திருக்கும் ஏதாவது பழைய டிடிபி சென்டரைப் பிடித்து, உரையை மட்டும் வெளியே எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். எடுத்ததும் எழுத்துருவின் பெயரைக் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதிவிடலாம். வெறும் உரைக் கோப்பில் அந்தப் பெயர் தங்காது.

அடுத்த வகைக் குதறல் இன்றைய நோய். கடை வாடிக்கையாளர் பட்டியலையோ பள்ளி மாணவர் பட்டியலையோ சிஎஸ்வி கோப்பாக இறக்கி எக்செலில் இரட்டைச் சொடுக்கு போட்டால், பெயர்களெல்லாம் தலையில் கோடு வைத்த 'ஏ', வட்டத்துக்குள் 'ஆர்' என்ற இரண்டும் மாறி மாறி வரும் அலங்கோலமாகத் தெரியும். வட்டத்துக்குள் ஆர், அதாவது பதிவுபெற்ற வணிகக்குறியின் அடையாளம், இங்கே எங்கிருந்து வந்தது? யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் மூன்று பைட்டுகள். முதல் பைட்டு எப்போதும் ஒன்றேதான். இரண்டாவது இரண்டில் ஒன்று. எக்செல் அதைப் பழைய முறையில் பைட்டு பைட்டாகப் படிக்கும்போது, முதலாவது கோடு வைத்த ஏ, இரண்டாவது பெரும்பாலும் வட்ட ஆர். அந்த ஜோடியைப் பார்த்ததும் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இந்த நேரத்தில் சேமி பொத்தானை மட்டும் அழுத்தக் கூடாது. சேமிக்காமல் மூடிவிட்டு, எக்செலில் புதுத் தாளைத் திறந்து, 'டேட்டா' பகுதியில் உரை அல்லது சிஎஸ்வி கோப்பிலிருந்து எடுக்கும் வழியாக உள்ளே கொண்டுவர வேண்டும். கோப்பின் மூலம் எது என்று கேட்கும் பட்டியலில் 65001 என்ற எண்ணோடு யூடிஎஃப்-8 இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்ததும் முருகனும் பாத்திமாவும் ஸ்டெல்லாவும் தத்தம் பெயரில் வந்து நிற்பார்கள்.

எழுத்துக்குப் பதில் வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தால் கவலையே இல்லை. எழுத்துரு இல்லை என்று பொருள், நிறுவினால் சரியாகிவிடும். வரிசையாகக் கேள்விக்குறிகள் தெரிந்தால்தான் கவலை. தமிழே தெரியாத ஒரு குறியாக்கத்தில் சேமித்தபோது, இடமில்லாத ஒவ்வோர் எழுத்துக்கும் கணினி ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. அது வேஷமல்ல. அடியில் எதுவும் இல்லை. பழைய நோட்பேடில் 'ஆன்சி' என்ற தேர்வோடு சேமித்த எத்தனையோ தமிழ்க் குறிப்புகள் இப்படிப் போயின; 2019 முதல் விண்டோஸ் 10இன் நோட்பேடு தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது.

இந்தக் குறியாக்க விவகாரத்துக்கும் செல்பேசிக்கும்கூட ஒரு தாயாதி உறவு உண்டு. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்து அடங்கும். ஒரே ஒரு தமிழ் எழுத்து சேர்ந்துவிட்டால் செய்தி முழுக்க யூனிகோடுக்கு மாறி, கொள்ளளவு 70 ஆகச் சுருங்கும். அதிலும் 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, செல்பேசிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. கல்யாண அழைப்பைத் தமிழில் குறுஞ்செய்தியாக அனுப்புகிறவருக்கு ஒன்றுக்கு இரண்டாகவோ மூன்றாகவோ கட்டணம் விழுவது இதனால்தான்.

எல்லாவற்றிலும் நயவஞ்சகமான கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. ஔகாரத்தின் பின்பகுதி பார்க்க 'ள' போலவே இருக்கிறது. ஆகவே 'கெ' அடித்து, பக்கத்தில் 'ள' அடித்து, 'கௌ' ஆகிவிட்டது என்று பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். அச்சிட்டால் வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ ஒன்று ஒரே ஔகார எழுத்து, மற்றது இரண்டெழுத்து. அகரவரிசையில் இரண்டும் வேறுவேறு இடத்தில் போய் உட்காரும். வாக்காளர் பட்டியலிலோ நூலக அட்டவணையிலோ 'கௌதமன்' கிடைக்கவில்லை என்றால், ஆள் இல்லை என்று எழுந்துவிடாமல், 'கெளதமன்' என்று இன்னொரு முறை அடித்துப் பார்க்க வேண்டும்.