காற்றை அளக்கும் கருவி

டீசல் இயந்திரத்திற்கு மூச்சின் அளவறிந்தே உணவு தரப்படுகிறது. ஒரு கிராம் டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று வேண்டும். உட்புகும் காற்றின் நிறையை அளந்து கணிப்பொறிக்கு அறிவிப்பது காற்றோட்ட உணரி. சூடேற்றிய மென்படலத்தைக் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்பதே அதன் அளவுகோல்.

ஓர் இயந்திரத்தின் உணரியை மற்றொன்றில் பொருத்தலாமா என வினவுவோர் உளர். இணைப்பு முனை பொருந்துவதாலேயே அளவும் பொருந்திவிடாது என்பது நம் விடை. 60 மில்லிமீட்டர் குழாயுடைய உணரிக்கெனக் கணிப்பொறியில் அட்டவணை பதிந்திருக்கிறது எனக் கொள்வோம். படலம் ஒரே வகையாயினும், 70 மில்லிமீட்டர் குழாயுடையதைப் பொருத்தினால் அதே காற்று மெதுவாகப் பாயும். வேகம் முன்னிருந்ததில் ஏறத்தாழ 73 விழுக்காடே இருக்கும். உணரி குறைத்துச் சொல்ல, கணிப்பொறி முழுவிசையில் எரிபொருளைக் குறைக்க, வண்டி வலுவிழக்கும். குழாய் சிறுத்தாலோ உணரி இல்லாத காற்றை இருப்பதாகக் கூறும், டீசல் மிகும், கரும்புகை எழும்.

வோக்ஸ்வாகனின் 1.9 லிட்டர் டி.டி.ஐ. இயந்திரம் 90, 110 எனப் பல குதிரைத்திறன்களில் வெளிவந்தது. எனவே கொள்ளளவு ஒன்றென்பதால் உணரியும் ஒன்றென முடிவு கட்டலாகாது. பாக எண்ணை ஒப்பிட்டே மாற்றுதல் வேண்டும். மலிவாய்க் கிடைத்த பொய்யளவின் விலையைத் தெருவில் நடக்கும் குழந்தையின் நுரையீரல் செலுத்துவது முறையன்று.