பழைய மடிக்கணினியை ஒதுக்கி வைக்கும் முன்...

வீட்டில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணினி இருக்கிறதா? அதில் விண்டோஸ் 11 ஏறாது என்று கடையில் சொல்லிவிட்டார்களா? புதியதற்கு ஈராயிரம், மூவாயிரம் வெள்ளியைச் செலவழிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதன்பின் தனியாகப் பதிந்துகொள்வோருக்கு மட்டுமே சிறிது காலம் பாதுகாப்பு மேம்பாடுகள் கிடைக்கும். விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் புதிய தலைமுறைச் செயலியும் வேண்டும். இதனால் நன்றாக உழைத்துக் கொண்டிருக்கும் கணினிகள் பல பயனற்றவை போல் ஆகிவிட்டன.

இவற்றுக்கு மறுவாழ்வு தரக்கூடியது லினக்ஸ். அதில் இயங்குதளமும், நாம் கண்ணால் பார்க்கும் முகப்புத் திரையும் தனித்தனி. எனவே நமக்கு ஏற்ற முகப்பை நாமே தேர்வு செய்யலாம். அவற்றுள் எளிமையானது எக்ஸ்எஃப்சிஇ. ஒலிவியே ஃபூர்தான் 1996-இல் தொடங்கிய இத்திட்டம் இன்றும் தொடர்கிறது. இதன் 4.18 பதிப்பு 2022 டிசம்பரிலும், அடுத்த 4.20 பதிப்பு 2024 டிசம்பரிலும் வெளிவந்தன. இரண்டாண்டு இடைவெளியிலும் பெரிய தலைகீழ் மாற்றம் இல்லை. ஒரு பட்டை, ஒரு பட்டியல், கோப்புறைகள் என எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும்.

கண்ணைப் பறிக்கும் அசைவுகள் குறைவு என்பதால் நினைவகமும் குறைவாகவே செலவாகிறது. 4 ஜிபி நினைவகமுள்ள கணினியிலும் கடிதம் எழுதலாம், இணையம் பார்க்கலாம், பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களைச் செய்யலாம்.

முதியவர்களுக்கு இந்த நிலைத்தன்மை பெரிய உதவி. பொத்தான் இருக்கும் இடத்தைக் கையால் பழகிக்கொண்ட ஒருவருக்கு, ஒவ்வொரு மேம்பாட்டிலும் அது இடம் மாறினால், இனி யாரையாவது கேட்டால்தான் வேலை நடக்கும் என்ற நிலை வந்துவிடும்.

குறைகளையும் சொல்லவேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் மென்பொருளை இதில் நேரடியாக நிறுவ முடியாது. லிப்ரே ஆஃபிஸைப் பழகிக்கொள்ள வேண்டும். சில அச்சுப்பொறிகள் ஒத்துழைக்காமல் போகலாம். தமிழ்99 விசைமுறை உண்டு. ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டெழுதிய சங்கக் கணக்குகள், அழைப்பிதழ்கள் இருந்தால் அந்த எழுத்துருவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவது எப்படி? லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை இலவசமாகப் பதிவிறக்கி, பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். நிறுவாத வரை உள்ளே இருப்பவை அழியாது. வைஃபை, ஒலி, அச்சுப்பொறி மூன்றையும் சோதித்து, ஒரு வாரம் பழகிப் பாருங்கள். பிடித்திருந்தால், படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்த பிறகே நிறுவுங்கள்.

அந்த ஒரு வாரத்தில் உங்கள் வேலைகள் தடையின்றி நடந்துவிட்டால், புதுக் கணினிக்கு ஒதுக்கிய பணம் வீட்டின் வேறு தேவைக்கு உதவும்.