காரணிச் சோடிகளைக் காணும் வழி

360 என்னும் எண்ணின் காரணிச் சோடிகள் அனைத்தையும் எழுதுக என்றால், மாணாக்கருட் பலர் பத்துச் சோடிகளையேனும் பிழையின்றி எழுதிவிடுவர். ஆயின், “இவற்றின் வேறாகச் சோடி இல்லையென்பதை எங்ஙனம் அறிந்தீர்?” என வினவின் வாளாவிருப்பர். சோடிகளைக் கண்டுபிடித்தலினும் இவ்வினாவுக்கு விடை கூறுதலே கணிதத்திற்கு நெருங்கியது என்பது என் கருத்து.

ஒரு சோடியின் இரண்டு எண்களும் தரப்பட்ட எண்ணின் வர்க்கமூலத்தினும் பெரியனவாயின், அவற்றின் பெருக்கம் அவ்வெண்ணை விஞ்சிவிடும். எனவே ஒவ்வொரு சோடியிலும் ஓரெண்ணாவது வர்க்கமூலத்தை விஞ்சாது நிற்றல் வேண்டும். 360 இன் வர்க்கமூலம் 18 இற்கும் 19 இற்கும் இடைப்பட்டது. ஆகவே 1 முதல் 18 வரை வகுத்துப் பார்த்தாற் போதும். 1, 2, 3, 4, 5, 6, 8, 9, 10, 12, 15, 18 என்பனவே மீதியின்றி வகுப்பன. இறுதிச் சோடி 18, 20. அதற்கு அப்பால் தேடுதல் வீண்.

சரிபார்த்தற்கும் ஒரு வழியுண்டு. 360 = 2³ × 3² × 5. சுட்டிகள் ஒவ்வொன்றோடும் 1 ஐக் கூட்டிப் பெருக்கினால் 4 × 3 × 2 = 24 காரணிகள்; அஃதாவது 12 சோடிகள். நிறைவர்க்கமாகிய 36 இற்கோ 9 காரணிகள் உள. 6 தன்னோடு தானே சேர்வதால் சோடிகள் 5 ஆகும்.

எண் பெரிதானால் இவ்வாறு வகுத்துச் செல்லுதல் பெருந்தொல்லையாம். பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சில் வாழ்ந்த பெர்மா என்னும் சட்டவறிஞர், தேடலை வர்க்கமூலத்தின் அருகிலேயே தொடங்கினார். ஓர் ஒற்றையெண்ணின் காரணிச் சோடி ஒவ்வொன்றையும் இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம் என்பதே அவர்தம் முறைக்கு அடிப்படை. 2021 ஐ எடுத்துக்கொள்வோம். அதனை அடுத்து மேலுள்ள வர்க்கம் 45² = 2025. வித்தியாசம் 4, அதுவும் ஒரு வர்க்கமே. எனவே 2021 = 45² − 2² = (45 − 2)(45 + 2) = 43 × 47. முதன்மை எண்களால் வகுத்துச் செல்வோர் 2 இலே தொடங்கி, பதினான்காவது முயற்சியிலேதான் 43 ஐ அடைவர். பெர்மா தாமே 2027651281 என்னும் எண்ணை இவ்வழியிற் பன்னிரண்டே முயற்சிகளில் 44021 × 46061 எனப் பிரித்துக் காட்டினார். வகுத்தல் வழியிற் சென்றிருப்பின் நாலாயிரத்துக்கு மேற்பட்ட முதன்மை எண்களைச் சோதிக்க நேர்ந்திருக்கும்.

இதனைக் கண்டு மயங்கிப் பழைய வழியைக் கைவிடுதல் தகாது. 1981 இற்குப் பெர்மாவின் முறையைக் கையாள்வோர் 45 முதல் 145 வரை நூற்றொரு வர்க்கங்களைப் பரிசோதித்த பின்னரே விடை காண்பர். வகுத்துப் பார்ப்போர்க்கோ நான்காம் முயற்சியிலேயே 7 × 283 கிடைத்துவிடும். காரணிகள் ஒன்றுக்கொன்று அண்மையில் இருக்கும்போதே பெர்மாவின் முறை விரைவு தரும்.

1977 ஆம் ஆண்டில் ரிவெசுட்டு, சமீர், ஏடில்மன் என்னும் மூவர் வகுத்த மறைகுறி முறையில், இரண்டு மிகப் பெரிய முதன்மை எண்களின் பெருக்கம் யாவரும் அறிய வெளியிடப்படுகின்றது. அதனைப் பிரித்தறிய இயலாமையே செய்தியைக் காக்கின்றது. அவ்விரு எண்களைத் தெரிவு செய்வோர், அவை ஒன்றுக்கொன்று மிக அண்மையில் அமையாதவாறு இன்றும் பார்த்துக்கொள்கின்றனர். அமையின், பெர்மாவின் முறையே அவற்றை வெளிப்படுத்திவிடும்.