தையல் தொழிலின் சிறு சாதனங்களும் வீட்டுப் பழம்பொருள்களும்

மைசூர் நகரின் பழைய பிரிவுகளுள் ஒன்று மண்டி மொஹல்லா. மண்டி என்பது மொத்த வாணிபம் நடைபெறும் இடத்தையும், மொஹல்லா என்பது குடியிருப்புப் பகுதியையும் குறிக்கும். நம் நகரங்களில் இத்தகைய கடைத்தெருப் பகுதிகளில் தையல் வேலை கடைகளோடு நின்றுவிடுவதில்லை. வீட்டின் முன்னறையில் ஓர் இயந்திரத்தைப் போட்டுக்கொண்டு ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுக்கும் பெண்கள் பலர். இவர்களுடைய முதலீட்டை மதிப்பிடுவோர் பெரும்பாலும் இயந்திரத்தின் விலையோடு கணக்கை முடித்துவிடுகின்றனர். ஊசி குத்திவைக்கும் மெத்தை, துணியில் குறியிடும் கட்டி, வெட்டுப் படிவம், நாடா கோக்கும் கம்பி முதலிய சிறு சாதனங்கள் ஏட்டில் இடம்பெறுவதில்லை. தனித்தனியே அற்பமானவையாயினும், அடிக்கடி தேய்ந்தும் தொலைந்தும் போவதால் இவை நடைமுறைச் செலவில் ஒரு பங்காகிவிடுகின்றன.

இச்சாதனங்களில் பெரும்பாலானவற்றை வீட்டில் ஒதுக்கப்படும் பொருள்களிலிருந்தே ஆக்கிக்கொள்ளலாம். கொட்டாங்கச்சியின் விளிம்பைத் தேய்த்து, துணி வெட்டில் விழும் துண்டுகளைத் திணித்து மேலே ஒரு துணியை இழுத்துக் கட்டினால் ஊசி மெத்தை ஆயத்தம். டிகாஷன் வடித்த காப்பித்தூளை உள்ளே இடுவோரும் உண்டு; ஆனால் அது வெயிலில் முற்றும் உலர்ந்திருத்தல் வேண்டும். ஈரம் சிறிது எஞ்சினாலும் பூஞ்சணம் பிடிக்கும், ஊசியும் துருவேறும். தேய்ந்து மெலிந்த சோப்புத் துண்டு பருத்தித் துணியில் நன்றாகக் குறியிடும்; சலவையில் அடையாளம் போய்விடும். பட்டில் இதைக் கையாளலாகாது. மைசூர், பட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கு இவ்வெச்சரிக்கைக்குத் தேவை மிகுதி. குடைக்கம்பியின் நுனியில் துணியைத் தைப்பதற்கென ஒரு துளை உண்டு. முறிந்த கம்பியை அளவாக வெட்டி முனையை மழுக்கினால் பாவாடைக்கு நாடா கோக்க உதவும். பழுதான ஒலிபெருக்கியின் காந்தம் தரையில் சிந்திய குண்டூசிகளை நொடியில் திரட்டித் தரும். திருமண அழைப்பிதழ் நூல் சுற்றும் அட்டையாகும். நாட்காட்டி அட்டை ரவிக்கையின் கழுத்துக்கும் கைக்கும் படிவமாகி, காகிதப் படிவத்தைவிட நெடுநாள் உழைக்கும்.

பழைய பல்துலக்கியின் பயனோ வியப்புக்குரியது. தூரிகைப் பகுதியை நீக்கி, கைப்பிடியின் ஒரு முனையைத் தீட்டி மறுமுனையில் துளையிட்டால், கந்தல் பட்டைகளைப் பின்னி மிதியடி செய்வதற்கேற்ற ஊசியாகிறது. மேனாடுகளிலும் இம்முறை வழக்கில் உள்ளது. ஆங்கிலத்தில் அவ்விரிப்புக்குப் பல்துலக்கியின் பெயரே வழங்குகிறது.

எனினும், இச்சிக்கனத்தைப் புகழ்வதில் ஓர் அபாயமும் உண்டு. வீட்டிலிருந்து கூலிக்குத் தைப்பவர் நூல், ஊசி, விளக்கு, இடம் ஆகியவற்றின் செலவைத் தாமே ஏற்பது பரவலான வழக்கம். வேலை கொடுப்பவரின் செலவு இவ்வாறு தொழிலாளியின் வீட்டுக்கு மாறிவிடுகிறது. கொட்டாங்கச்சி மெத்தையால் மிச்சமாகும் காசு தைப்பவரைச் சேர வேண்டுமேயன்றி, கூலியைக் குறைக்கும் காரணமாகிவிடக் கூடாது. வீட்டுவழித் தொழிலாளரை ஏனைய கூலித் தொழிலாளருக்கு ஒப்ப நடத்த வேண்டும் என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் நிறைவேற்றிய 177-ஆவது உடன்படிக்கையின் சாரம். இந்தியா அதற்கு ஏற்புறுதி அளிக்கவில்லை.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பெற்ற பிரதமர் விசுவகர்மா திட்டம் 18 தொழில்களுள் தையலையும் சேர்த்துக்கொண்டது. கருவிகளுக்கென ரூ. 15,000 வரை உதவியும், பயிற்சிக் காலத்தில் நாளொன்றுக்கு ரூ. 500 உதவித்தொகையும் அதில் வகுக்கப்பட்டன. இயந்திரத்துக்கே போதாத தொகை என்று சிலர் குறை கூறலாம். குறியிடும் கட்டிக்கும் படிவத்துக்கும் அதில் பங்கு தேவைப்படாதவாறு பயிற்சி அமையுமானால், அத்தொகை கத்தரிக்கும் இயந்திரப் பழுதுபார்ப்புக்கும் முழுமையாகப் பயன்படும்.

பயிற்சியில் தவறாது சேர்க்கவேண்டிய மற்றொன்று, முறிந்த ஊசிகளைப் பற்றியது. 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் மத்திய அரசின் தூய்மைத் தரவரிசையில் மைசூர் முதலிடம் பெற்றது. அத்தகைய நகரத்திலும் குப்பையைத் தரம் பிரிப்பது பெரும்பாலும் மனிதக் கைகளே. காலியான மாத்திரைப் புட்டியில் முறிந்த ஊசிகளைச் சேர்த்து, அது நிறைந்ததும் மூடியை இறுக்கி, ‘ஊசி’ என்று எழுதித் தனியே கொடுத்தல் வேண்டும்.