திரும்பிப் பார்க்காமல் நீட்டிய கை

ஓடுதளம் பேசுகிறது – 17

சென்ற வாரம் பெர்லினில் நின்றோம். 2009-ல் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் கடந்த இரவைப் பார்த்தோம். அது தனி ஒருவனின் கதை. இந்த வாரம் நால்வரின் கதை. தனித்தனியே ஓடவிட்டிருந்தால் போல்ட்டின் நிழலைக்கூட எட்டியிருக்க முடியாத நால்வர் அவர்கள்.

2016 ஆகஸ்ட் 19, ரியோ டி ஜெனிரோ. ஒலிம்பிக் ஆண்கள் 4x100 மீட்டர் ரிலே இறுதிப் போட்டி. ஒவ்வோர் அணியாக கேமரா முன்னால் வந்து போகிறது. ஜப்பான் அணியின் முறை வந்தபோது நால்வரும் இடுப்பிலிருந்து வாள் உருவுவதுபோல ஒரே நேரத்தில் கையை வீசினார்கள். பார்த்தவர்கள் ரசித்தார்கள். ஆனால், பதக்கப் பட்டியலில் அவர்களுக்கு இடம் ஒதுக்கியவர்கள் மிகக் குறைவு.

துப்பாக்கி வெடித்தது. முதல் ஆள் ரியோட்டா யமகட்டா. அவரிடமிருந்து ஷோட்டா ஈஸுகா, அடுத்து யோஷிஹிடே கிர்யூ. வளைவு முடிந்து கடைசி ஆளிடம் பேட்டன் போய்ச் சேர்ந்தபோது அரங்கமே ஒரு கணம் திகைத்தது. போல்ட்டும் ஜப்பானின் அஸ்கா கேம்பிரிட்ஜும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் இருந்தார்கள்! ஜமைக்காவில் பிறந்து ஜப்பானுக்காக ஓடிய கேம்பிரிட்ஜ், ஜமைக்காவின் மாவீரனுக்குப் பக்கத்தில் நேர்ப்பாதையில் இறங்கினார்.

அதன்பின் நடந்தது எல்லோருக்கும் தெரியும். போல்ட் பறந்தார். ஜமைக்கா 37.27 விநாடி, தங்கம். இரண்டாவது இடத்தில் ஜப்பான், 37.60 விநாடி. ஆசிய சாதனை. மூன்றாவதாகக் கோட்டைத் தொட்ட அமெரிக்கா 37.62. தேசியக் கொடியோடு கொண்டாடத் தொடங்கிய அமெரிக்க வீரர்களுக்குச் சற்று நேரத்தில் இடி இறங்கியது. முதல் மாற்றத்தில், பேட்டன் உரிய பகுதிக்குள் நுழைவதற்கு முன்பே ஜஸ்டின் காட்லினின் கை அதைத் தொட்டுவிட்டதாக நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள். தகுதி நீக்கம். வெண்கலம் கனடாவுக்குப் போனது.

ஒரு சின்னக் கணக்கு

அமெரிக்க அணியில் அன்று ஓடியவர்கள் மைக் ரோஜர்ஸ், காட்லின், டைசன் கே, டிரேவன் புரோமெல். நால்வருமே வாழ்நாளில் 100 மீட்டரை 9.90-க்குள் ஓடியவர்கள். அவர்களின் சிறந்த நேரங்கள் 9.85, 9.74, 9.69, 9.84. கூட்டினால் 39.12 விநாடி. ரிலேயில் ஓடியதோ 37.62. ஆக, ஒன்றரை விநாடி ஆதாயம்.

ஜமைக்காவின் பவல், பிளேக், ஆஷ்மீட், போல்ட் நால்வரின் சிறந்த நேரங்களைக் கூட்டினால் 38.89. ரிலே நேரம் 37.27. ஆதாயம் 1.62 விநாடி. பவலும் கேயும் அந்த நேரங்களை ஓடி ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ஜப்பானுக்கு வருவோம். அன்று ஓடிய நால்வரில் ஒருவர்கூட அதுவரை 10 விநாடிக்குள் ஓடியதில்லை. ஆளுக்குச் சரியாக 10.00 விநாடி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் கூட்டுத்தொகை 40. அவர்கள் ஓடி முடித்த நேரம் 37.60. குறைந்தது 2.40 விநாடி ஆதாயம்!

ரிலேயில் கூட்டுத்தொகையைவிட நேரம் குறைவது இயல்புதான். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது ஆட்கள் நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில்லை. பேட்டன் கைக்கு வரும்போது அவர்கள் ஏற்கெனவே வேகத்தில் இருப்பார்கள். ஆனால், அந்தச் சலுகை எல்லா அணிக்கும் பொது. அதற்கு மேலே ஜப்பானுக்குக் கிடைத்த ஏறத்தாழ ஒரு விநாடி எங்கிருந்து வந்தது?

மூன்று இடங்கள்

பேட்டன் என்பது 30 சென்டிமீட்டருக்கு மிகாத நீளமுள்ள ஒரு குழல். 50 கிராம் எடை இருந்தால் போதும். அதை மூன்று இடங்களில் கை மாற்ற வேண்டும். ரியோவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 20 மீட்டர் பகுதி ஒதுக்கப்பட்டிருந்தது. வாங்குபவர் அதற்கு 10 மீட்டர் முன்னாலிருந்தே ஓடத் தொடங்கலாம். வாங்குவது மட்டும் அந்த 20 மீட்டருக்குள் நடந்தாக வேண்டும். பின்னர் விதி மாறி, முழு 30 மீட்டருமே மாற்றும் பகுதி ஆனது. ஓட்டக்காரரின் கால் எங்கே இருக்கிறது என்பது கணக்கில்லை. பேட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு.

வருபவர் விநாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் வேகத்தில் வருகிறார். அந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்கு விநாடி தடுமாறினால் ஒரு மீட்டர் போயிற்று. வாங்குபவர், ஓடுதளத்தில் தான் ஒட்டிவைத்த டேப்பைப் பார்த்துக் காத்திருப்பார். அந்த டேப்பின் தூரத்தைத் தன் காலடியால் ஒன்று, இரண்டு என்று எண்ணி அளந்திருப்பார். வருபவர் அந்த அடையாளத்தைத் தாண்டிய கணத்தில் கிளம்ப வேண்டும். கிளம்பியபின் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து குரல் வந்ததும் கை பின்னால் போக வேண்டும். அந்தக் கைக்குள் பேட்டன் வந்து சேர்ந்துவிடும் என்று நம்பியே ஓட வேண்டும்.

இங்கேதான் ரிலேயின் உயிர் இருக்கிறது. ‘அவர் என்னை எட்டிப் பிடிப்பாரா?’ என்ற சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் வாங்குபவரின் கால் தயங்கும். நம்பாதவர் மெதுவாகக் கிளம்புவார். மெதுவாகக் கிளம்பினால் பேட்டன் பத்திரமாகக் கைக்கு வரும், பந்தயம் கையைவிட்டுப் போய்விடும்.

கீழிருந்து வரும் பேட்டன்

உலகின் பெரும்பாலான அணிகள் பேட்டனை மேலிருந்து கொடுப்பவை. வாங்குபவர் கையைப் பின்னால் உயர நீட்டி, உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். இதில் ஒரு லாபம் உண்டு. இருவர் கையும் நீண்டிருக்கும்போது இடையிலுள்ள தூரத்தை யாரும் ஓடிக் கடக்க வேண்டியதில்லை, பேட்டனே கடந்துவிடுகிறது. ஆனால், கையைப் பின்னால் உயர்த்திக்கொண்டு முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள். உடல் தன் ஒழுங்கை இழக்கும்.

ஜப்பான் 2001-லிருந்து வேறு வழியில் போனது. வாங்குபவரின் கை இடுப்புக்குப் பக்கத்தில், உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும். கொடுப்பவர் கீழிருந்து மேலாக பேட்டனை அதற்குள் செலுத்துவார். ஓடும்போது கை இயல்பாக வீசும் இடத்துக்கு அருகிலேயே மாற்றம் நடந்துவிடுவதால், வாங்குபவரின் ஓட்டம் குலையாது. இது ஜப்பானின் கண்டுபிடிப்பு அல்ல. 1990-ல் 37.79 விநாடியில் உலக சாதனை படைத்த பிரான்ஸ் அணியும் இப்படித்தான் கொடுத்தது.

இந்த முறையின் குறைகளும் அவர்களுக்குத் தெரியும். கைகள் நெருங்கி வருவதால், நீட்டிய கையால் கிடைக்கும் தூர லாபம் குறைகிறது. ஒவ்வொரு கை மாறும்போதும் அடுத்தவர் பிடிக்க மிஞ்சும் பேட்டனின் நீளமும் குறைகிறது. முதல் ஆள் எந்த இடத்தில் பிடிக்கிறார் என்பதில் தொடங்கி எல்லாம் கணக்காக இருக்க வேண்டும். ஆகவே, மற்றவர்களைவிட அதிகமாகப் பழக வேண்டும். அதைத்தான் ஜப்பானியர்கள் செய்தார்கள். ஓட்டத்தில் எட்ட முடியாத அமெரிக்காவையும் ஜமைக்காவையும், பயிற்சியால் எட்டக்கூடிய அந்தச் சில மீட்டர்களில் எதிர்கொண்டார்கள்.

வானில் எறிந்த பேட்டன்

இதன் முதல் விளைச்சல் 2008-ல், பெய்ஜிங்கில் வந்தது. தகுதிச் சுற்று நடந்த நாளில் மழை. அமெரிக்காவின் டார்விஸ் பாட்டன் கொடுத்த பேட்டனை டைசன் கே பிடிக்க முடியாமல், அது தரையில் விழுந்தது. ஜப்பானின் ட்ஸுகஹாரா, சுவெட்சுகு, தகஹிரா, அசஹாரா நால்வரும் ஒரு பிசகும் இல்லாமல் இறுதிக்கு வந்தார்கள். அங்கே 38.15 விநாடி, மூன்றாம் இடம். மாரத்தானை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒலிம்பிக் ஓட்டப் பந்தயங்களில் ஜப்பான் ஆண்கள் பெற்ற முதல் பதக்கம் அதுதான்.

கடைசி ஆளாக ஓடிய நொபுஹாரு அசஹாராவுக்கு அப்போது 36 வயது. 1996 அட்லாண்டாவில் தொடங்கி, அது அவருடைய நான்காவது ஒலிம்பிக். கோட்டைத் தாண்டியதும் கையிலிருந்த பேட்டனை வானத்தை நோக்கி வீசி எறிந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்த ஒரு மனிதனின் மகிழ்ச்சி அது.

அந்த வெண்கலம் பின்னாளில் வெள்ளியானது. அன்று தங்கம் வென்ற ஜமைக்கா அணியின் நெஸ்டா கார்ட்டரின் பழைய மாதிரியை மீண்டும் பரிசோதித்தபோது ஊக்கமருந்து தெரியவந்தது. 2017 ஜனவரியில் அந்த அணியின் பதக்கம் பறிக்கப்பட்டது. ரியோவில் ஒன்பதாவது தங்கத்தோடு விடைபெற்ற போல்ட்டின் கணக்கு எட்டாகக் குறைந்தது. ஒருவர் செய்த தவறுக்கு நால்வரும் இழந்தார்கள். ரிலேயில் புகழ் மட்டுமல்ல, பழியும் நால்வருக்கும் பொதுதான்.

டோக்கியோவின் மௌனம்

ரியோவுக்குப் பிறகு ஜப்பானியர்கள் தனி ஓட்டத்திலும் வளர்ந்தார்கள். 2017-ல் கிர்யூ 9.98 ஓடி, 10 விநாடிக்குள் ஓடிய முதல் ஜப்பானியர் ஆனார். 2021-ல் யமகட்டா 9.95 ஓடினார். 2019 தோஹா உலகப் போட்டியில் ஜப்பான் 37.43 என்ற புதிய ஆசிய சாதனையோடு வெண்கலம் வென்றது. அடுத்து சொந்த மண்ணில் ஒலிம்பிக். தடா 10.01, யமகட்டா 9.95, கிர்யூ 9.98, கொய்கே 9.98. ரியோவில் ஓடியவர்களைவிட வேகமான நால்வர். தங்கம் என்று வாய்விட்டே சொன்னார்கள்.

2021 ஆகஸ்ட் 6. பார்வையாளர்கள் இல்லாத வெற்று அரங்கம். தகுதிச் சுற்றில் 38.16 விநாடிதான். அது பதக்கத்துக்குப் போதாது. இறுதியில் துணிந்து ஓடியே தீர வேண்டும். தடா நன்றாகவே வந்தார். யமகட்டா கிளம்பினார். கை பின்னால் நீண்டது. பேட்டன் எட்டவில்லை. மீண்டும் நீட்டினார், எட்டவில்லை. பகுதியின் கோடு வந்துவிட்டது. யமகட்டா நின்றார். கிர்யூவும் கொய்கேயும் தங்கள் இடத்தில் காத்திருந்தார்கள். அவர்களுக்கு அன்று பேட்டன் வந்து சேரவே இல்லை. தங்கம் இத்தாலிக்குப் போனது, 37.50 விநாடியில்.

அந்தத் தோல்வியைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. பத்திரமாக மாற்றி ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்திருக்கலாம். அவர்கள் நண்பனின் காலை நம்பி முழு வேகத்தில் கிளம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு எப்போதும் ஒரு விலை உண்டு. ரியோவில் அதே நம்பிக்கை வெள்ளி தந்தது. டோக்கியோவில் வெறுங்கையோடு அனுப்பியது.

சேர்ந்தே இருந்தவர்கள்

அமெரிக்காவைப் பாருங்கள். 2000 சிட்னிக்குப் பிறகு, 2024 பாரிஸ் வரை ஆண்கள் 4x100 ரிலேயில் அவர்களுக்கு ஒலிம்பிக் தங்கம் இல்லை. 2008-ல் பேட்டன் விழுந்தது. 2016-ல் தகுதி நீக்கம். 2021-ல் தகுதிச் சுற்றிலேயே ஆறாமிடம். பாரிஸில் கோல்மனுக்கும் பெட்னரெக்குக்கும் இடையே மாற்றம் குழம்பி மீண்டும் தகுதி நீக்கம். ஒழுங்காக மாற்றிய நாள்களில் அவர்கள் உலகப் போட்டிகளில் தங்கம் வென்றிருக்கிறார்கள், தோஹாவில் 37.10 விநாடி ஓடியிருக்கிறார்கள். அவர்களிடம் ஆள் பஞ்சம் என்றுமே இருந்ததில்லை.

பாரிஸில் தங்கம் வென்றது கனடா. பிரவுன், பிளேக், ரோட்னி, டி கிராஸ் நால்வரும் சேர்ந்து 37.50 விநாடி. அந்த ஒலிம்பிக்கின் 100 மீட்டர் இறுதிச் சுற்றில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. ஆனால், பிரவுன், ரோட்னி, டி கிராஸ் மூவரும் எட்டு ஆண்டுகளுக்கு முன் ரியோவில் வெண்கலம் வாங்கிய அதே அணியினர். 2022-ல் அமெரிக்க மண்ணிலேயே அமெரிக்காவை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றதும் இதே நால்வர்தான். ஒருவர் அடி மற்றவருக்கு மனப்பாடம்.

என் தீர்ப்பு இதுதான். வேகமான நால்வரைத் தேர்ந்தெடுத்தால் நான்கு ஓட்டக்காரர்கள் கிடைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பழகவிட்டால்தான் ரிலே அணி கிடைக்கும்.

நம் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பல பள்ளிகளில் மாவட்டப் போட்டிக்கு முந்தைய மாலையில்தான் ரிலே அணி பிறக்கிறது. 100 மீட்டரில் முதலில் வந்த நால்வரை வரிசையில் நிறுத்தி, கையில் பேட்டனைக் கொடுத்துவிடுகிறோம். இந்த ஆண்டு ஜூனிலேயே நால்வரைச் சேர்த்துவிடுங்கள். இதற்குச் செலவு ஒரு பேட்டனும் ஒரு சுருள் டேப்பும்தான். அடி எண்ணிக் குறி வைக்கவும், திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டவும் அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு நேரம் கொடுங்கள்.

(தொடரும்)