குவான் யின் கோயிலில் குறிகேட்டல்

இடுக்கண் நேருங்கால் மக்கள் அறிவுடையோரை நாடுவர்; அறிவுரைக்கும் எட்டாத துன்பமாயின் குறியை நாடுவர். மேலைநாட்டில் டாரட் என்னும் ஓவியச் சீட்டுகளைக் கலைத்தெடுத்துப் பொருள் காண்பாருளர். சீனர் கையாள்வது மூங்கிற் குச்சி. கந்தோனிய மொழியில் இதற்குக் ‘கௌ சிம்’ என்று பெயர். குறிக்குச்சியை வேண்டிப் பெறுதல் என்பது அதன் பொருள்.

சிங்கப்பூர் வாட்டர்லூ ஸ்திரீட்டிலுள்ள குவான் இம் தோங் ஹூட் சோ கோயிலில் இவ்வழக்கத்தைக் காணலாம். 1884இல் தோன்றிய கோயில் இது. இன்றுள்ள கட்டடம் 1982இல் எழுந்தது. இரண்டாம் உலகப் போரில் சுற்றுப்புறம் குண்டுவீச்சுக்கு ஆளானபோது, காயமுற்றோரும் வீடிழந்தோரும் இங்கே அடைக்கலம் புகுந்தனர். இதற்கு அணித்தே 1870இல் தோன்றிய கிருஷ்ணன் கோயில் உள்ளது.

குவான் யின் தமிழர்க்கு முற்றிலும் புதிய தெய்வமன்று. இந்தியப் பௌத்தர் அவலோகிதன் எனப் போற்றிய போதிசத்துவனே சீனஞ் சென்று, காலப்போக்கில் பெண்ணுருக் கொண்டான். அகத்தியர் தமிழ் கேட்டது இந்த அவலோகிதனிடத்தில் என்பது 11ஆம் நூற்றாண்டில் எழுந்த வீரசோழியத்தின் கொள்கை. சைவ மரபு சிவபெருமானைச் சொல்லும் இடத்தில், பௌத்தரான அந்நூலாசிரியர் புத்தமித்திரர் இவனைச் சொன்னார். இலக்கணம் பயிற்றுவோர் அக்கோயிலைக் கடக்கும்போது இதனை நினைவுகூரலாம்.

இனி, குறி கேட்கும் முறை. கேட்பவர் மண்டியிட்டுத் தம் பெயரையும் வினாவையும் மனத்துட் சொல்லுகிறார். 1 முதல் 100 வரை எண்ணிட்ட குச்சிகள் நிறைந்த குழலை முன்புறம் சாய்த்துக் குலுக்குகிறார். ஒன்றே விழவேண்டும், இரண்டு விழுந்தால் மீண்டும் குலுக்கவேண்டும். விழுந்ததை எடுத்துக்கொண்டு உடனே எழுந்துவிடவும் இயலாது. பிறைவடிவான இரு கட்டைகள் உள்ளன. அவற்றின் ஒருபுறம் தட்டை, மறுபுறம் குவிவு. ‘எனக்குரிய குச்சி இதுதானா?’ என்று கேட்டு அவற்றைத் தரையில் இடுகிறார். ஒன்றின் தட்டையும் மற்றதன் குவிவும் மேல்நோக்கினால் ‘ஆம்’. இரண்டும் குவிவாயின் ‘அன்று’. இரண்டும் தட்டையாயின் தெய்வம் சிரிக்கிறது என்பது பெருவழக்கு. வினா தெளிவாயில்லை, அல்லது விடை கேட்பவர்க்கே தெரியும் என்பது அச்சிரிப்பின் கருத்தாம்.

இந்த மூன்றாவது விடையிலேதான் இம்முறையின் உயிர் இருக்கிறது. வேலையிழந்த ஒருவர் ‘என் கதி என்ன?’ என்று கேட்டால், நூறு குச்சிகளில் எதுவும் அதற்குப் பொருந்தும். எதுவும் பொருந்தாமலும் போகும். கட்டைகள் சிரித்தபின் அவர் வினாவை மாற்றியாக வேண்டும்: ‘கிடைக்கும் சிறு வேலையை ஏற்பது நன்றா?’ அச்சமாக இருந்தது இப்போது ஒரு வினாவாகிவிட்டது. ‘ஒன்றும் புரியவில்லை’ என்னும் மாணவனை ‘எந்த வரி புரியவில்லை?’ என்று கேட்டு வழிக்குக் கொணரும் ஆசிரியர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை.

உறுதிப்பட்ட எண்ணுக்குரிய சீட்டில் நான்கடிச் செய்யுளும், பழங்கதை மாந்தர் ஒருவரைப் பற்றிய குறிப்பும், பலனும் இருக்கும். மேல், நடு, கீழ் எனத் தரமும் உண்டு. மரபுவழிச் சீட்டுகளில் வீடு, நோய், வழக்கு, திருமணம், தொலைந்த பொருள் ஆகியவற்றோடு வயலும் பட்டுப்புழுவுங்கூட இடம்பெறும். அடுக்குமாடியில் வாழ்பவர்க்குப் பட்டுப்புழுவின் பலனால் ஆவதென்ன? செய்யுளோ பெரும்பாலும் நேர்விடை தராது. மேகம் மறைத்த நிலவு போன்றதொரு காட்சியைக் காட்டி நின்றுவிடும். கேட்டவரே அதனைத் தம் நிலையோடு பொருத்திப் பார்த்தல் வேண்டும்.

குலுக்கலில் எது விழும் என்பது தற்செயலே; குச்சி எதிர்காலத்தை அறியும் என்பதற்குச் சான்றில்லை. நோயுற்றவர் மருத்துவரை விட்டுக் குச்சியை நம்புவாராயின் அது பெருங்கேடு. நல்ல குறி வரும்வரை ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்பதை மரபும் ஏற்பதில்லை. கீழ்த்தரக் குறி பெற்றவர் மனமுடைவதும் உண்டு. அதற்குச் சப்பானியர் ஒரு வழி கண்டனர். அங்கும் இம்மரபின் வழிவந்த நூறு குறிகள் வழங்குகின்றன. தோக்கியோவிலுள்ள சென்சோஜி கோயிலில் தீய குறி பெற்றோர் அச்சீட்டை அங்கேயே கட்டிவைத்துவிட்டுச் செல்வர்.

வாட்டர்லூ ஸ்திரீட்டில் அவ்வழக்கம் இல்லை. குவான் யின்னை வணங்கி வெளிவரும் சீனருள் பலர் நேரே வீடு திரும்புவதில்லை. அருகிலுள்ள கிருஷ்ணன் கோயில் வாயிலிலும் நின்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுச் செல்கின்றனர்.